மொழிபெயர்ப்புச் சிறுவர் கதைகள், படக்கதைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பகுதி நூலகத்தில் சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுவது என் வேலை, அதாவது சம்பளமில்லாத வேலை. முடிந்ததும் பெற்றோர் வந்து கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிப்பதால் எழுதி வைக்கிறேன். நான் மொழிபெயர்ப்பாளரும் இல்லை, பதிப்பாளரும் இல்லை. எந்தப் பதிப்பகமும் எனக்கு இலவசப் புத்தகம் அனுப்புவதில்லை (அனுப்பினால் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை).

நம்மிடம் இல்லாத கதையா? எதற்கு வெளிநாட்டுக் கதையைத் தமிழில் வாங்க வேண்டும்?

இதைக் கேட்பவர்களில் பாதிப் பேர் அம்புலிமாமா படித்து வளர்ந்தவர்கள். அந்த அம்புலிமாமாவே பெரும்பாலும் மொழிபெயர்ப்புதான். 1947 ஜூலையில் தெலுங்கில் சந்தமாமா, தமிழில் அம்புலிமாமா என்று நாகிரெட்டியும் சக்ரபாணியும் சென்னையில் தொடங்கினார்கள். கதைகள் பெரும்பாலும் தெலுங்கில் எழுதப்பட்டு, அங்கிருந்து தமிழுக்கும் மற்ற மொழிகளுக்கும் போயின. பிணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு கையில் வாளோடு விக்கிரமன் நடக்கிறானே, ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படம், அதைத் தெலுங்குப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை, ஒடியாப் பிள்ளை எல்லாரும் தங்கள் ஊர்ப் படம் என்றுதான் நினைத்தார்கள். யாரும் வெளியூர்ச் சரக்கு என்று தள்ளி வைக்கவில்லை.

அப்புறம், இந்தப் போக்குவரத்து ஒருவழிப் பாதையும் இல்லை. பஞ்சதந்திரம் இங்கிருந்து பாரசீகம் போய், எட்டாம் நூற்றாண்டில் இப்னு அல்முகஃபா கையில் அரபுக் கதைகளாகி, அங்கிருந்து ஐரோப்பா முழுக்கப் பரவியது. பிரான்சின் லா ஃபோந்தேன் தன் கதைகளில் பலவற்றுக்கு பில்பே என்ற இந்திய முனிவருக்குக் கடன்பட்டிருப்பதாக 1678இல் எழுதினார். நம் வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையை 1822இல் பெஞ்சமின் பாபிங்டன் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். 1861இல் லண்டனில் அதற்குக் கேலிச்சித்திரங்களோடு ஒரு பதிப்பும் வந்தது. பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்கி வந்த சீடர்களைப் பார்த்து அங்கேயும் சிரித்திருக்கிறார்கள். நம்மிடமிருந்து போகலாம், வரக்கூடாது என்றால் எப்படி?

பனி, கம்பளிக் கையுறை, கோதுமை ரொட்டி என்று எல்லாமே அந்நியமாக இருக்கிறதே, பிள்ளைகளுக்குப் புரியுமா?

பெரியவர்களுக்குத்தான் இந்தக் கவலை. ‘கையுறை’ என்று ஒரு உக்ரைன் நாட்டுப்புறக் கதை உண்டு. காட்டு வழியே போகிற தாத்தா ஒரு கையுறையைத் தவறவிடுகிறார். எலி வந்து அதற்குள் குடியேறுகிறது, பின்னாலேயே தவளை, முயல், நரி, ஓநாய், காட்டுப்பன்றி, கடைசியில் கரடியும் வந்து ‘எனக்கும் இடம் கொடு’ என்கிறது. யெவ்கேனி ராச்சேவ் வரைந்த படங்களோடு அந்தக் கதை உலகம் முழுக்கப் போயிருக்கிறது. அந்தப் படங்களில் ஒரு வேடிக்கை: பக்கம் திருப்பத் திருப்பக் கையுறைக்கு ஒரு ஏணி முளைக்கிறது, ஒரு ஜன்னல் வருகிறது, புகைபோக்கி வருகிறது. அதையெல்லாம் எழுத்தில் சொல்வதே கிடையாது, படத்தில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் வாசிக்கும்போது பெரியவர்கள் ஒருவரும் இதைக் கவனித்ததில்லை. பிள்ளைகள் இரண்டாவது தடவையிலேயே ‘அங்க பாருங்க, ஜன்னல் வந்துடுச்சு’ என்று கத்துவார்கள். வெளியே பனி எப்படி இருக்கும் என்று தெரியாவிட்டாலும், ஒரு சின்ன அறைக்குள் ஏழு பேர் இடித்துக்கொண்டு படுப்பது எப்படி இருக்கும் என்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லியா தரவேண்டும்?

சிலர் ரொட்டியை இட்லியாக்கி, இவானை முருகனாக்கி எழுதுகிறார்கள். முழுக்க இந்த ஊருக்கே மாற்றி, படமும் புதிதாக வரைந்தால் அது தழுவல், அதில் ஒரு தவறும் இல்லை. வரியில் இட்லி, படத்தில் பனிக்காடும் கம்பளித் தொப்பியும் என்று விட்டுவிட்டால்தான் பிள்ளை குழம்புகிறது.

பழைய ரஷ்யப் புத்தகங்களை எல்லாரும் இப்படித் தூக்கிவைத்துப் பேசுகிறார்களே, நிஜமாகவே அவ்வளவு நல்லவையா?

ஆமாம், இல்லை, இரண்டும். தெரியாதவர்களுக்காக: மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம், பின்னாளில் ராதுகா பதிப்பகம் இரண்டும் தமிழிலேயே புத்தகம் அச்சிட்டு அனுப்பின. இங்கே நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் அவற்றை விற்றது. கெட்டி அட்டை, தடித்த தாள், பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படம், விலையோ சில ரூபாய். 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது, வரத்தும் நின்றது. இன்று நாற்பது ஐம்பது தாண்டியவர்கள் அந்தப் புத்தகங்களைப் பற்றிச் சொல்லும் கருத்துகளைக் கவனித்துப் பாருங்கள், முதல் வரி அநேகமாகத் தாளின் வாசனையைப் பற்றி இருக்கும், இரண்டாவது வரி அதை வாங்கிக் கொடுத்த அப்பாவையோ மாமாவையோ பற்றி இருக்கும். கதை மூன்றாவதாகத்தான் வரும், சில சமயம் வராமலே போகும். குறை சொல்லவில்லை, அது அவர்கள் பிள்ளைப் பருவத்துக்கு எழுதிய விமர்சனம். இன்றைய எட்டு வயதுக்காரருக்கு அந்த மாமா கிடையாது, அவர் கையில் இருப்பது வெறும் புத்தகம்.

அப்படி வெறும் புத்தகமாகப் பார்த்தால் படங்கள் இன்றும் முதல் தரம். இவான் பிலிபின் வரைந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘அழகி வாசிலிஸா’ கதைக்கு 1899, 1900 வாக்கில் அவர் வரைந்த படம்: இருட்டுக் காட்டிலிருந்து வாசிலிஸா வெளியே வருகிறாள், கையில் ஒரு கழி, கழியின் உச்சியில் ஒரு மண்டையோடு, அதன் கண்குழிகளிலிருந்து வெளிச்சம். பின்னால் பாபா யாகா என்ற சூனியக்காரக் கிழவியின் வீடு. அந்த வீட்டுக்குக் கோழிக்கால் உண்டு, அது சொன்னபடி திரும்பி நிற்கும். வேலி முழுக்க மனித எலும்பு. பிலிபின் எல்லாவற்றுக்கும் கறுப்புக் கோட்டில் வெளிவடிவம் போட்டு உள்ளே தட்டையாக வண்ணம் பூசுவார், சுற்றிலும் பூவும் இலையும் பறவையுமாகச் சட்டம் போடுவார். எங்கள் கூட்டத்தில் ஒரு சின்னப் பெண் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு விரலிடுக்கு வழியே பார்த்தாள். ‘பயமா இருக்கா, மூடிடவா?’ என்றேன். ‘மூடாதீங்க’ என்றாள். இந்தப் புத்தகத்துக்கு நான் கேட்ட விமர்சனங்களில் இதுதான் சிறந்தது.

எழுத்து பற்றிச் சொல்வதானால் ஒரே சீராக இல்லை. பூ. சோமசுந்தரம் போன்றவர்கள் ரஷ்ய மொழியிலிருந்தே நேராகத் தமிழுக்குக் கொண்டுவந்தார்கள், அது சாதாரண விஷயமில்லை. ஆனால் அன்றைய எழுத்துத் தமிழ் கொஞ்சம் விறைப்பானது. வாக்கியம் பக்கம் பாதிவரை நீளும். வாசித்துக் காட்டும்போது நானே நடுவில் உடைத்துவிடுகிறேன். முன்னோடிச் சிறுவர் படை, கூட்டுப்பண்ணை என்று சோவியத் காலத்து வாழ்க்கையெல்லாம் வருகிற கதைகளை இப்போதைய பிள்ளைகள் பேசாமல் மூடி வைத்துவிடுகிறார்கள். அலெக்சாந்தர் ரஸ்கினின் ‘அப்பா சிறுவனாக இருந்தபோது’ மட்டும் எந்தத் தலைமுறையிடமும் தோற்பதில்லை. அப்பா என்று ஒருவர் சின்ன வயதில் பந்தைக் காருக்கு அடியில் உருட்டி, பிடிவாதம் பிடித்து, மாட்டிக்கொண்டு முழித்தார் என்பதைவிடப் பிள்ளைகளுக்கு இனிமையான செய்தி என்ன இருக்கப்போகிறது!

கிரிம் சகோதரர்கள் கதைகளில் இவ்வளவு கொடூரமா? வெட்டிச் சுருக்கிய பதிப்பு வாங்கலாமா?

வெட்டும் வேலையை கிரிம் சகோதரர்களே தொடங்கிவிட்டார்கள். 1812இல் அவர்கள் திரட்டிய நாட்டுப்புறக் கதைகளின் முதல் தொகுதி ஜெர்மனியில் வந்தபோது அதில் படமே கிடையாது, அறிஞர்களுக்கான குறிப்புகள்தான் நிறைய. குழந்தைகள் படிக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு வில்ஹெல்ம் கிரிம் பதிப்புக்குப் பதிப்பு திருத்திக்கொண்டே போனார், கடைசியாக 1857 வரை. முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொல்வது பெற்ற தாயேதான். ஹான்சலையும் கிரெட்டலையும் காட்டில் விட்டுவரச் சொல்பவளும் பெற்றவள்தான். பின்னால் இரண்டு பேரும் மாற்றாந்தாய் ஆனார்கள். பெற்ற அம்மா அப்படிச் செய்வாளா என்ற சங்கடம் அன்றைக்கும் இருந்திருக்கிறது. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள், பொல்லாத ராணி பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பைப் போட்டுக்கொண்டு சாகும்வரை ஆடுகிற முடிவு 1857இலும் அப்படியே இருக்கிறது. தண்டனையைக் குறைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

என் பழக்கம் இது: ஐந்து வயதுவரை செருப்பு ஆட்டம் மாதிரியானவற்றை வாசிக்கும்போது தாண்டிவிடுவேன். ஆறேழு வயதுக்குமேல் தாண்டினால் பிள்ளைகளே விடமாட்டார்கள், ‘அந்தக் கெட்டவ என்ன ஆனா?’ என்று கணக்குக் கேட்பார்கள். கெட்டவளை மன்னித்து எல்லாரும் சேர்ந்து கேக் சாப்பிடுகிற மாதிரி மாற்றிய பதிப்பு ஒன்றை வாசித்துப் பார்த்தேன். ஒரு பையன் மிகவும் அதிருப்தியாக எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

சிவப்புத் தொப்பிக்காரிக்கு வேடன் வந்து வயிற்றைக் கிழித்துக் காப்பாற்றுவதும் கிரிம் பதிப்பில்தான். 1697இல் பிரான்சில் பெரோ எழுதியதில் ஓநாய் விழுங்கிவிடுகிறது, அவ்வளவுதான், கதை முடிந்தது. அந்தப் பதிப்புக்கு 1860களில் கியுஸ்தாவ் தோரே வரைந்த படம் ஒன்று உண்டு: பாட்டியின் தொப்பியை மாட்டிக்கொண்டு ஓநாய் படுக்கையில் இருக்கிறது, பக்கத்தில் அந்தப் பெண் போர்வையைப் பிடித்துக்கொண்டு ஓரக்கண்ணால் பார்க்கிறாள். இரத்தம் ஒரு துளி இல்லை, ஆனால் அதைச் சின்னப் பிள்ளைகளிடம் காட்ட எனக்கே தயக்கம்தான். பயம் எங்கே இருக்கிறது என்று வரியை மட்டும் பார்த்துத் தீர்மானிக்க முடியாது, வாங்குமுன் படங்களையும் முழுக்கப் புரட்டிப் பாருங்கள்.

ஆண்டர்சன் கதை வாசித்தால் என் மகள் அழுகிறாள். நிறுத்திவிடலாமா?

அழட்டுமே. டென்மார்க்கின் ஆண்டர்சன் எழுதிய ‘தீக்குச்சி விற்ற சிறுமி’யை அழாமல் கேட்கிற பிள்ளையைப் பற்றித்தான் நான் யோசிப்பேன். அந்தக் கதை பிறந்த விதமே படத்திலிருந்துதான். 1845இல் ஒரு நாட்காட்டிக்காகச் சில படங்களை அனுப்பி, ஏதாவது ஒன்றுக்குக் கதை எழுதித் தரச் சொன்னார்கள். கையில் தீக்குச்சிக் கட்டோடு நிற்கும் ஏழைச் சிறுமியை ஓவியர் லுண்ட்பி வரைந்திருந்த படத்தை ஆண்டர்சன் எடுத்துக்கொண்டார். எழுத்துக்குப் படம் போடுவதுதான் வழக்கம், இங்கே தலைகீழ்.

ஆனால் தூங்கப்போகும் நேரத்தில் இதை வாசிக்காதீர்கள். பகலில் வாசியுங்கள், அழுது முடித்துக் கேள்வி கேட்க நேரம் இருக்க வேண்டும். ‘அவங்க அப்பா ஏன் அடிப்பாரு?’ என்ற கேள்விக்கு நான் இன்னும் சரியான பதில் சொன்னதில்லை.

இளவரசி என்றாலே வெள்ளைத் தோல், பொன்னிறக் கூந்தல். கறுப்பான என் பெண்ணுக்கு இதை எப்படி வாசிப்பது?

நியாயமான கேள்வி, இதை ‘எல்லாம் கதைதானே’ என்று தள்ளிவிடக் கூடாது. பனிபோல வெண்மை என்பது ஸ்னோ ஒயிட் கதையின் முதல் பத்தியிலேயே இருக்கிறது, அதை எடுத்துவிட்டால் கதாநாயகிக்குப் பெயரே இருக்காது. ஆனால் வெள்ளைக்காரன் கதையை மட்டும் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை, நம் பத்திரிகைகளில் வந்த ராஜகுமாரிகள் எத்தனை பேர் மாநிறமாக இருந்தார்கள் என்று பழைய இதழ்களை எடுத்துப் பார்த்தால் தெரியும்.

செய்யக்கூடியது, அழகி என்ற ஒரே காரணத்துக்காக மாப்பிள்ளை கிடைக்கிற கதைகளோடு நிறுத்தாமல், வேலை செய்கிற பெண்கள் வரும் கதைகளையும் சேர்த்து வாசிப்பது. கிரெட்டல்தான் சூனியக்காரியை அடுப்புக்குள் தள்ளி அண்ணனைக் காப்பாற்றுகிறாள். வாசிலிஸா தனியாகக் காட்டுக்குள் போய் நெருப்பு வாங்கி வருகிறாள். அப்புறம் நம் மண்ணின் நிறத்திலேயே படம் போடுகிற புத்தகங்களும் இப்போது கிடைக்கின்றன. 1996இல் சென்னையில் தொடங்கிய தூலிகா பதிப்பகம் பல இந்திய மொழிகளில் ஒரே நேரத்தில் கொண்டுவரும் படப் புத்தகங்களில் வருகிற அம்மாவும் பாட்டியும் பக்கத்து வீட்டில் பார்க்கிற ஆட்கள் மாதிரியே இருப்பார்கள். இளவரசி பிடிக்கும் என்று அடம்பிடித்தால் அதையும் வாங்கிக் கொடுங்கள். தடை போட்டால் அதற்கு மவுசு கூடும்.

மொழிபெயர்ப்பு நன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து வாய்விட்டு வாசியுங்கள். வெட்கப்படாதீர்கள், புத்தகக் கண்காட்சியில் இருக்கும் இரைச்சலில் யார் காதிலும் விழாது. மூச்சு முட்டினால் வைத்துவிடுங்கள். ஓநாயும் ஏழு ஆட்டுக்குட்டிகளும் கதையில் ஒரு இடத்தை இப்படி எழுதலாம்:

‘கடிகாரப் பெட்டியினுள் ஒளிந்திருந்ததன் காரணமாகத் தப்பிய ஏழாவது குட்டியினால், மற்ற ஆறு குட்டிகளும் ஓநாயினால் விழுங்கப்பட்ட செய்தி தாய்க்குத் தெரிவிக்கப்பட்டது.’

இப்படியும் எழுதலாம்:

‘கடைக்குட்டி மட்டும் கடிகாரப் பெட்டிக்குள் ஒளிந்து தப்பித்தது. அம்மா குரல் கேட்டதும் வெளியே ஓடி வந்தது. அம்மா, அம்மா, எல்லாரையும் ஓநாய் விழுங்கிவிட்டது!’

இரண்டிலும் செய்தி ஒன்றுதான். முதலாவதில் இலக்கணப் பிழை ஒன்றுகூடக் கிடையாது, ஆனால் அதைக் கேட்கிற பிள்ளைக்கு ஓநாய் வந்ததே தெரியாது, காவல் நிலையத்தில் எழுதிய புகார் மாதிரி இருக்கிறது. செயப்பாட்டு வினையும் ‘காரணமாக’வும் ஒரே பக்கத்தில் குவிந்திருந்தால், மொழிபெயர்த்தவர் ஒரு பிள்ளையிடம்கூட அதை வாசித்துக் காட்டவில்லை என்று அர்த்தம்.

இன்னொன்று, மொழிபெயர்த்தவர் பெயர் போட்டிருக்கிறதா பாருங்கள். கிரிம் கதைகள், ஈசாப் கதைகள் என்று அட்டையில் போட்டு உள்ளே யார் பெயரும் இல்லாத புத்தகங்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு ஆங்கிலச் சுருக்கத்தின் சுருக்கம். பெயர் போட்டவருக்குக் கொஞ்சமாவது கூச்சம் இருக்கும். மலையாளத்திலிருந்து நேராகக் கொண்டுவரும் யூமா வாசுகி, உதயசங்கர் போன்றவர்கள் பெயர் இருந்தால் நான் உள்ளே பார்க்காமலே எடுத்துவிடுவேன். இரண்டு பேருமே சிறுவர்களுக்குத் தாங்களே எழுதுகிறவர்கள், அந்தக் காது மொழிபெயர்ப்பிலும் வேலை செய்கிறது.

உரையாடல் பேச்சுத் தமிழில் இருக்கலாமா, எழுத்துத் தமிழில்தான் இருக்கவேண்டுமா?

இதில் வாசகர்கள் இரண்டு கட்சி. ஆசிரியர்கள் அநேகமாக எழுத்துத் தமிழ்க் கட்சி, ‘படிக்கக் கற்கிற வயதில் எழுத்துக்கூட்டக் குழம்பும்’ என்பார்கள். இளம் பெற்றோர் பேச்சுத் தமிழ்க் கட்சி. பேச்சு என்றால் எந்த ஊர்ப் பேச்சு? ‘முழுங்கிடுச்சு’ என்று போட்டால் சென்னைப் பிள்ளைக்குச் சரி, ‘விழுங்கிப்போட்டுது’ என்று கேட்டு வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அதுவும் ஒரு வெளியூர்த் தமிழ்தான். அச்சில் எளிமையான எழுத்துத் தமிழ் இருக்கட்டும், வாசித்துக் காட்டுகிறவர் தன் ஊர் வாய்க்கு மாற்றிக்கொள்ளட்டும் என்பது என் கட்சி. மூன்றாவது கட்சி, உறுப்பினர் ஒருவர்.

மலிவு விலைப் படப் புத்தகங்கள் ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?

மலிவு பிரச்சினையே இல்லை. நேஷனல் புக் டிரஸ்ட்டின் நேரு பால புத்தகாலய வரிசை மலிவுதான், படங்களும் நன்றாகவே இருக்கும். நான் வேண்டாம் என்பது பளபளப்புத் தாளில், எங்கெங்கிருந்தோ எடுத்த படங்களை ஒட்டித் தயாரித்தவற்றை. சிண்ட்ரெல்லா புத்தகம் ஒன்று நன்கொடையாக வந்தது. முதல் பக்கத்தில் அவளுக்குக் கறுப்புக் கூந்தல், நடனத்தில் பொன்னிறம், கல்யாணத்தில் திரும்பவும் கறுப்பு. இளவரசன் மூன்று பக்கத்திலும் மூன்று ஆள். பெரியவர்கள் கதையின் ஓட்டத்தில் தாண்டிவிடுவோம். நாலு வயதுப் பிள்ளைக்குப் படம்தான் எழுத்து, ‘இது வேற அங்கிள்’ என்று அங்கேயே நின்றுவிடும். இப்போது கணினியே உருவாக்கும் படங்கள் வேறு வந்துவிட்டன. கையில் விரல்களை எண்ணிப் பாருங்கள், ஜன்னலுக்கு வெளியே இரவா பகலா என்று பக்கத்துக்குப் பக்கம் பாருங்கள். ஓவியர் பெயர் இல்லாவிட்டால் சந்தேகப்படுங்கள்.

‘குட்டி இளவரசன்’ குழந்தைகளுக்கான புத்தகமா?

க்ரியா வெளியிட்ட தமிழ்ப் பதிப்பு அருமையானது, ஆனால் எட்டு வயதுக்குக் கீழ் நான் கொடுப்பதில்லை. யானையை விழுங்கிய மலைப்பாம்பு படத்தில் சிரிப்பார்கள், நரி வருகிற இடத்தில் நெளிய ஆரம்பிப்பார்கள். படங்கள் அதை எழுதிய சந்த்-எக்சுபெரியே வரைந்தவை, அவற்றை மாற்றிப் புதுப்படம் போட்ட பதிப்பு எதையும் வாங்காதீர்கள். ‘எனக்கு ஒரு ஆடு வரைந்து கொடு’ என்று குட்டி இளவரசன் கேட்கிற கதையில் வரைந்தவர் மாறினால் கதைசொல்லியே மாறிவிடுகிறார். பெரியவர்கள் பரிசாகக் கொடுத்து, பெரியவர்களே அழுதுகொண்டு படிக்கிற புத்தகம் இது. அதில் ஒன்றும் தப்பில்லை.

‘டோட்டோ-சான்’ என்ற ஜப்பானியப் புத்தகம் அப்படி இல்லை. ரயில் பெட்டியில் வகுப்பறை என்றதும் பத்து வயதுப் பிள்ளைகள் உள்ளே ஏறிவிடுவார்கள். அதில் உள்ள நீர்வண்ணப் படங்கள் சிஹிரோ இவாசாகி வரைந்தவை. அவர் 1974இல் இறந்துவிட்டார், புத்தகம் வந்தது 1981இல். ஏற்கெனவே இருந்த ஓவியங்களிலிருந்து தெரிந்தெடுத்துப் போட்டிருக்கிறார்கள், ஆனால் டோட்டோவுக்கென்றே வரைந்த மாதிரி இருக்கும். ஆசிரியர் பயிற்சியில் இருப்பவர்கள் இதைப் புகழ்ந்து எழுதுவதைப் பார்த்துவிட்டு, இது ஆசிரியர்களுக்கான புத்தகம் என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். பிள்ளையிடம் கொடுங்கள்.

நாங்கள் லண்டனில் இருக்கிறோம். இருமொழிப் புத்தகம் வாங்கலாமா?

வாங்கலாம், அங்கேயே மந்த்ரா லிங்குவா தமிழ்–ஆங்கிலம் சேர்த்துப் போடுகிறது. வெளிநாட்டுப் பெற்றோர் சொல்லும் ஒரே குறை, பிள்ளையின் கண் தானாக ஆங்கில வரிக்குப் போய்விடுகிறது என்பது. தமிழை நீங்கள் வாசியுங்கள், ஆங்கிலத்தை அவர்கள் படித்துக்கொள்ளட்டும். இலவசமாக வேண்டுமானால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிறைய இருக்கின்றன, வாசிப்பு நிலைப்படி பிரித்தும் வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் மொழிபெயர்த்துச் சேர்க்கலாம் என்பதால் தரம் ஏற்ற இறக்கமாகத்தான் இருக்கும். வாசிக்குமுன் நீங்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

டிஸ்னி படம் பார்த்துவிட்டார்கள், இனிப் புத்தகம் எதற்கு?

‘படத்துல அப்படி இல்லையே!’ என்று சண்டை பிடிப்பதற்கு. 1989 டிஸ்னியில் கடல்கன்னிக்குக் கல்யாணம் ஆகிறது. 1837இல் ஆண்டர்சன் எழுதியதில் இளவரசன் வேறொருத்தியைக் கட்டிக்கொள்கிறான், இவள் கடல்நுரையாகக் கரைந்து காற்றின் மகள்களோடு சேர்கிறாள். எது சரி என்று ஒன்பது வயதுக்காரர்கள் இரண்டு பேர் வாதாடியதைக் கேட்டிருக்கிறேன், இரண்டு பக்கமும் நல்ல வாதம்.

ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்கிறான்.

வாசியுங்கள். வேறு வழி இல்லை.

இணையத்தில் வாசகர் கருத்துகளைப் பார்த்து வாங்கலாமா?

‘அருமை’, ‘ஒவ்வொரு வீட்டிலும் இருக்கவேண்டிய புத்தகம்’, ‘நீதி நன்றாக உள்ளது’ என்று எழுதியதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. இப்படி எழுதியவர்களில் பாதிப் பேர் பிள்ளையிடம் இன்னும் கொடுக்கவே இல்லை. ஒற்றை நட்சத்திரக் கருத்துகள் சில சமயம் அதிக உதவி: ‘ஓநாய் படத்தைப் பார்த்து மகன் இரவெல்லாம் தூங்கவில்லை’ என்று ஒரு தாய் கோபமாக எழுதியிருந்தால், ஓவியர் ஓநாயை ஒழுங்காக வரைந்திருக்கிறார் என்று தெரிகிறது, என் வீட்டு வயதுக்குச் சரிப்படுமா என்று நான் யோசித்துக்கொள்ளலாம். ‘எழுத்து சின்னதாக இருக்கிறது’, ‘தையல் பிரிந்துவிட்டது’ என்பதும் பயனுள்ள கருத்துதான்.

நீங்கள் எழுதுவதாக இருந்தால் பிள்ளையின் வயதைப் போடுங்கள், நீங்கள் வாசித்தீர்களா, அதுவாகப் படித்ததா என்று சொல்லுங்கள், எந்த இடத்தில் நெளிந்தது, எந்தப் பக்கத்தைத் திரும்பக் கேட்டது என்று எழுதுங்கள். மொழிபெயர்ப்பாளர், ஓவியர் பெயரையும் சேர்த்துவிடுங்கள், ஒரே கதைக்குப் பத்துப் பதிப்பு இருக்கும்போது நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்று எப்படித் தெரியும்? நீதியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள், அது ஏற்கெனவே பின்னட்டையில் இருக்கும்.

பிடித்த கதையை நானே தமிழாக்கி வெளியிடலாமா?

இந்தியாவில் எழுதியவர் இறந்து 60 ஆண்டுவரை பதிப்புரிமை உண்டு. பெரோ, கிரிம், ஆண்டர்சன் எல்லாம் எப்போதோ பொதுச்சொத்து. ஆனால் நீங்கள் எந்த ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து செய்கிறீர்களோ அதற்குத் தனி உரிமை உண்டு, பழைய மொழிபெயர்ப்பாகப் பார்த்து எடுங்கள். படத்துக்கும் இதே கணக்கு: தோரே 1883இலும், பிலிபின் 1942இல் லெனின்கிராட் முற்றுகையிலும் இறந்தார்கள், அவர்கள் ஓவியங்களைத் தாராளமாகப் போடலாம். ராச்சேவ் இறந்தது 1997இல்தான், அனுமதி இல்லாமல் கையுறைப் படத்தில் கை வைக்காதீர்கள். எங்கே வெளியிட்டாலும் ஓவியர் பெயரைப் போட்டுவிடுங்கள்.

இந்தப் புத்தகங்கள் எல்லாம் வாங்கக் கட்டுப்படியாகாது. எங்கே படிக்கலாம்?

சென்னை என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரை என்றால் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், இரண்டிலும் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது, அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம். பழைய ரஷ்யப் புத்தகங்கள் பலவற்றை யார் யாரோ புண்ணியவான்கள் ஸ்கேன் செய்து இணைய ஆவணக்காப்பகத்தில் (archive.org) ஏற்றியிருக்கிறார்கள், தமிழில் தேடினால் கிடைக்கும். கைப்பேசியில் பார்த்தால் பிலிபினின் சட்டமெல்லாம் காணாமல் போய்விடும், முடிந்தால் பெரிய திரையில் பாருங்கள். உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் இல்லையென்றால் நூலகரிடம் புத்தகத்தின் பெயர், பதிப்பகம், மொழிபெயர்ப்பாளர் பெயர் மூன்றையும் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். ‘நல்ல சிறுவர் கதை ஏதாவது’ என்று கேட்டால் அந்தப் பளபளப்பு சிண்ட்ரெல்லாதான் வரும்.